விடைக்குறிப்பின்படி ஏழு

அந்த அரசு வங்கியின் தலைமை அலுவலகத்தில் நிரந்தரமாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு டெம்பரரி என்று பெயர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில்கூட ஏறவில்லை. அங்கே 'தற்காலிகக் கடைநிலை ஊழியர், ஒருவர்' என்றுதான் இருந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் "ஒரு மூணு மாசத்துக்குப் பாத்துக்கப்பா" என்று சொல்லி யாரோ ஒரு அதிகாரி அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். கொடுத்தவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் மாற்றலில் போனார். அதற்கடுத்தவர் பதவி உயர்வு பெற்று, உயர்ந்த இடத்தில் உட்கார்ந்து செய்த காரியத்துக்காகப் பதவி இறக்கமும் பெற்றுப் போய்ச் சேர்ந்தார். ஆறு தலைவர்கள், பதினோரு பொது மேலாளர்கள் வந்தார்கள், மாலை வாங்கினார்கள், போனார்கள். நிரந்தரம் எல்லாம் போய்க்கொண்டிருக்க, தற்காலிகம் மட்டும் காலை ஆறரை மணிக்கு வாளியோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

வாசலில் அவருக்கு முதல் வேலை படிகள். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பித்தளைப் பட்டை. முதல் படி ஊர்ச் செருப்பின் மண்ணையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மூன்றாவதற்கு மூலை உடைந்திருக்கும். பெட்டகம் இறக்க வந்த லாரி செய்த வேலை. ஐந்தாவதில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். எட்டாவது, ஓய்வூதியம் வாங்க வரும் டீச்சரம்மா மூச்சு வாங்க உட்காரும் படி. அதை மட்டும் டெம்பரரி இரண்டு தடவை துடைப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் கால் சொல்லும், எந்தப் படியில் நிற்கிறோம் என்று.

அதிகாரிகளுக்கு இந்தப் படிகளோடு பழக்கம் கிடையாது. அவர்கள் காரில் அடித்தளத்துக்குப் போய், அங்கிருந்து லிஃப்டில் நேராக மேலே போய்விடுவார்கள்.

ஒரு நாள் காலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. பசை தடவும்போது டெம்பரரி படித்தார். தற்காலிக ஊழியர் முறை பணியாளர் நலன் கருதி ஆறாம் மாதம் முப்பதாம் தேதியோடு ஒழிக்கப்படுகிறது. அந்த வேலைக்கு நிரந்தர ஊழியர் ஒருவர் திறந்த போட்டித் தேர்வின் மூலம் எடுக்கப்படுவார். வயது வரம்பு நாற்பத்தைந்து. டெம்பரரிக்கு அப்போது நாற்பத்துநாலே முக்கால்.

தன் வேலை போகும் செய்தியை நான்கு மூலையும் நன்றாக அழுத்தி ஒட்டினார்.

"ஒட்டினது போதும், விண்ணப்பம் போடு," என்றார் தலைமைக் காசாளர். எல்லாரும் அவரைக் காசாளர் அக்கா என்பார்கள். "நீ செய்யற வேலைக்குத்தானே பரீட்சை? உன்னைவிட யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் பாடத்திட்டத்தில் துடைப்பம் இல்லை. தர்க்க அறிவு, எண் திறன், கணினி அறிவு, மொழியறிவு, 'நமது வங்கியை அறிவோம்' என்று ஐந்து பகுதிகள் இருந்தன.

அன்றிலிருந்து வீட்டில் பத்தாவது படிக்கும் மகள் ஆசிரியை ஆனாள். அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா ஓரமாக உட்கார்ந்து, தையல் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே வகுப்பைக் கேட்டாள்.

"அப்பா, இருநூறு மீட்டர் நீளமுள்ள ரயில் ஒரு நடைமேடையை முப்பது விநாடியில கடக்குது. அப்ப நடைமேடையோட நீளம் என்ன?"

"அது நின்னு போகுமா, நிக்காமப் போகுமா?"

"நிக்காது."

"நிக்காத ரயிலுக்கு நடைமேடை எவ்ளோ நீளம் இருந்தா நமக்கென்னம்மா?"

"அப்பா! வேகம் குடுத்திருக்காங்க."

"ஏண்டி," என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூட்டிப் பெருக்கற வேலைன்னாங்க. அதுல கூட்டற கணக்குதான் வரும்னு நெனச்சேன். ரயில் எதுக்கு வருது?"

"எல்லாப் பரீட்சையிலயும் வரும்மா."

"வரட்டும். உங்கப்பா அதையும் தொடச்சு அனுப்பிடுவாரு."

தேர்வு நாளுக்கு மனைவி தன் அண்ணனிடம் முழுக்கைச் சட்டை ஒன்று இரவல் வாங்கிக் கொடுத்தாள். தேர்வு மையத்து வாசலில் முழுக்கைச் சட்டைக்கு அனுமதி இல்லை என்றார்கள். கைக்குள் விடையை மறைக்கலாமாம். வரிசைப் பக்கத்தில் ஒருவர் கத்தரிக்கோலோடு நின்று, முழங்கைக்கு மேல் வெட்டி, வெட்டிய கைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு வேலைக்கு நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் பொறியாளர்கள். டப்பாவில் கிடந்த கைகளை வைத்து இன்னொரு பட்டாலியனுக்கு உடுப்பு தைக்கலாம்.

தேர்வு அவர் பயந்த அளவுக்கு மோசமில்லை. எட்டு வங்கி அதிகாரிகள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், தணிக்கையாளருக்கு எதிரே யார் என்று ஒரு கேள்வி. குறிப்புகளைப் படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. பிறகு, பதினெட்டு வருடங்களாக அந்த மேசைக்கு டீ கொண்டுபோன அனுபவத்தில், தணிக்கையாளருக்கு எதிரே எப்போதும் மேலாளரைத்தான் உட்கார வைப்பார்கள் என்று எழுதினார். அது சரியாக இருந்தது.

எண்பத்தேழாவது கேள்வி வந்ததும் டெம்பரரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

'நமது வங்கியின் தலைமை அலுவலக முன்வாசலில் உள்ள படிகள் எத்தனை? ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று.'

"யாருங்க அங்க சிரிக்கிறது? இது என்ன சினிமாக் கொட்டகையா?" என்றார் கண்காணிப்பாளர்.

டெம்பரரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒன்பதுக்கு நேரே உள்ள வட்டத்தை விளிம்பு தாண்டாமல், பித்தளைப் பட்டையைத் துடைப்பதுபோல் பக்குவமாக நிரப்பினார். நாலாயிரம் பேரில் இந்தக் கேள்வி தனக்காகவே கேட்கப்பட்டது என்று அவருக்குத் தோன்றியது. அது ஒரு வகையில் உண்மைதான்.

ஆறாம் மாதம் ஐந்தாம் தேதி முடிவு வந்தது. தேர்வானவர் எடுத்தது அறுபத்தொன்று. டெம்பரரி எடுத்தது அறுபது.

காசாளர் அக்கா விடைக்குறிப்பைக் கணினியில் திறந்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"எண்பத்தேழுக்கு என்னப்பா எழுதின?"

"ஒன்பது, அக்கா."

"விடைக்குறிப்புல ஏழு."

"யாரு எண்ணினது?"

"எண்ணல. வெளியிட்டிருக்காங்க."

தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் வேறு கழித்திருந்தார்கள். அது சரியென்று ஆனால் அறுபத்தொன்றேகால். வேலை அவருக்கு. ஆகாவிட்டால் முப்பதாம் தேதி துடைப்பத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு.

டெம்பரரி ஓடிப்போய் வாசலில் எண்ணினார். பதினெட்டு வருடத்தில் யாராவது தனக்குத் தெரியாமல் இரண்டை எடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகத்தோடு ஏறியும் எண்ணினார், இறங்கியும் எண்ணினார். இரண்டு தடவையும் ஒன்பதே வந்தது.

ஏழு எங்கிருந்து வந்தது என்பதை அக்காதான் கண்டுபிடித்தார். வங்கியின் தலைவர் பொன்விழாவுக்காக ஒரு நூல் எழுதியிருந்தார். 'ஏழு படிகளில் எழுந்த வங்கி' என்பது அதன் தலைப்பு. வாசலின் ஏழு படிகளும் நேர்மை, சேவை, சிக்கனம், பணிவு, வேகம், விவேகம், வளர்ச்சி ஆகிய ஏழு குணங்களைக் குறிக்கின்றன என்று நாற்பத்தோராம் பக்கத்தில் உருகியிருந்தார். நூலை எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயமாகக் கொடுத்தார்கள். டெம்பரரிக்கு மட்டும் கொடுக்கவில்லை, அவர் தற்காலிகம்.

"இத்தனை வருஷமா எதைத் தொடைக்கிறேன்னே தெரியாமத் தொடச்சிருக்கேனேக்கா," என்றார் அவர். "நேர்மை எந்தப் படின்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேச்சிருப்பேன்."

விடைக்குறிப்பின் மேல் ஆட்சேபணை தெரிவிக்க மூன்று நாள் அவகாசம் இருந்தது. மூன்றாம் மாடியில் ஆள்சேர்ப்புப் பிரிவின் பொது மேலாளர் அறை. தினமும் பெருக்கும் அறைதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் துடைப்பம் இல்லாமல் உள்ளே போனார். பொது மேலாளருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"என்ன ஆட்சேபணை?"

"படி ஒன்பது இருக்கு சார்."

"இருக்கலாம். விடை ஏழு."

"சார், ஒரு நிமிஷம் வாசலுக்கு வந்து பாத்தீங்கன்னா…"

"நான் பாக்கவே கூடாது." பொது மேலாளர் பதறினார். "பாத்துட்டு முடிவெடுத்தா ஒருதலைப்பட்சம் ஆயிடும். எதையும் நேர்ல பாக்காம முடிவெடுக்கறதாலதான் இந்தப் பிரிவு மேல இதுவரைக்கும் ஒரு புகாரும் இல்ல. ஆதாரம் வெச்சிருக்கியா?"

"வாசல்லதான் இருக்கு சார்."

"வாசல்ல இருந்தா அது கட்டடம். மூணு பிரதி எடுத்து, சான்றொப்பம் வாங்கி, இணைச்சாதான் அது ஆதாரம்."

படிகளை மூன்று பிரதி எடுக்க முடியாதாகையால் மகளின் பள்ளித்தோழி வீட்டுக் கைப்பேசியில் படம் எடுத்து, அச்சுப்போட்டு, சான்றொப்பத்துக்காக இரண்டாம் மாடி அதிகாரியிடம் கொண்டுபோனார். அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கட்டடம்தான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"பேர்ப்பலகை தெரியுதே சார்."

"பலகை நம்மளது. வாசல்? நான் இருபது வருஷமா இங்க வேலை பாக்கறேன். இந்தப் பக்கமா வந்ததே இல்ல. தெரியாத இடத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அக்கா விடவில்லை. பழைய பைல்களைக் கிளறி, படிகளுக்குப் பித்தளைப் பட்டை வாங்கிய ரசீதைக் கண்டுபிடித்தார். பட்டை, ஒன்பது எண்ணிக்கை. சந்தேகத்துக்கு இடமில்லாத ஆவணம், முத்திரைகூட இருந்தது. ஆட்சேபணையோடு அதை இணைத்தார்கள்.

இரண்டே நாளில் நடவடிக்கை வந்தது. ஆனால் அது ஓய்வுபெற்ற கிடங்கு எழுத்தரின் வீட்டுக்குப் போனது. ஏழு படிகளுக்கு ஒன்பது பட்டைகள் வாங்கப்பட்டிருப்பதாகத் தெரியவருவதால், மீதி இரண்டு பட்டைகள் எங்கே என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் டெம்பரரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்பா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்? ரிட்டயராகி நிம்மதியா ரெண்டு செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன். போலீஸ் வந்து அலமாரியெல்லாம் தொறந்து பட்டை தேடுமா?"

"அண்ணே, பட்டை படியிலதாண்ணே இருக்கு."

"அதைச் சொன்னா, இல்லாத படியில எப்படி இருக்கும்னு கேப்பாங்களேப்பா!"

அடுத்த சாட்சி டீச்சரம்மா. ஓய்வூதியம் வாங்க வந்தவர் எட்டாம் படியில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார். முட்டியைத் தடவிக்கொண்டே வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார்: 'மாதம் ஒரு முறை இந்தப் படிகளில் ஏறுகிறேன். எனக்கு ஒன்பது முறை வலிக்கிறது. படி ஏழுதான் என்றால் மீதி இரண்டு வலி எங்கிருந்து வருகிறது என்பதை வங்கி விளக்க வேண்டும்.'

வாடிக்கையாளர் புகார் என்பதால் இதைத் தள்ள முடியவில்லை. நிபுணர் குழு அமைத்தார்கள். அளவீட்டியல் பேராசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர், ஒருங்கிணைப்பாளராகப் பொது மேலாளர். மூவரும் அடித்தளத்தில் காரை விட்டு இறங்கி, லிஃப்டில் ஏறி, உள்ளிருந்து வாசலுக்கு வந்தார்கள். லிஃப்டில் வந்ததற்கும் அவர்களுக்குப் பயணப்படி உண்டு.

பேராசிரியர் மேலே நின்று முதலில் உரையாற்றினார். "பாமர மக்கள் படியைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். படி என்றால் என்ன என்று வரையறுக்காமல் எண்ணுவது அறிவியலுக்குச் செய்யும் துரோகம். நான் ஒன்பது ஆய்வுக் குழுக்களில் இருந்திருக்கிறேன். எதிலும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்ததில்லை. மூன்றில் எந்த முடிவுக்குமே வந்ததில்லை."

பிறகு எண்ணினார்கள். தரையிலும் கால் வைக்கிறோம், ஆகவே தரையும் படியே என்று பேராசிரியருக்குப் பத்து வந்தது. கடைசிப் படி வாசல் தளத்தோடு ஒட்டியிருப்பதால் அது தளம்தான் என்று பொறியாளருக்கு எட்டு வந்தது. பொது மேலாளர் ஒருதலைப்பட்சம் வந்துவிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பத்து, எட்டு. சராசரி ஒன்பது!" என்றார் பேராசிரியர், வியர்வையைத் துடைத்தபடி.

புகார்தாரராக வந்து எட்டாம் படியில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா கேட்டார்: "எண்ணிப் பாத்தாலே ஒன்பது வந்திருக்குமேப்பா?"

"அது அபிப்பிராயம், அம்மா. இது ஆய்வு."

எப்படியோ ஒன்பது வந்துவிட்டது. டெம்பரரி அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார். மனைவி, அண்ணனின் சட்டைக்கு வேறு துணியில் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நிஜமாவா? அவங்களே ஒன்பதுன்னு சொல்லிட்டாங்களா?"

"பேராசிரியரே சொன்னாரு."

"அப்ப வேலை?"

"அறிக்கை வரணும். அவ்ளோதான்."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினெட்டு வருடமாக வீட்டு வாடகை ஒப்பந்தத்தில், பள்ளி விண்ணப்பத்தில், ரேஷன் அட்டையில் 'தொழில்' என்ற இடத்தில் 'தற்காலிகம்' என்று எழுதிக்கொடுத்தவள் அவள்தான். அந்த ஒரு சொல்லைத் தூக்கி எறிய அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அன்றைக்குத்தான் டெம்பரரிக்குத் தெரிந்தது.

நாற்பத்தாறு பக்க அறிக்கை இருபதாம் தேதி வந்தது. கடைசிப் பத்தியை அக்கா சத்தமாகப் படித்தார்:

'படிகள் ஒன்பது என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டு நிறுவப்படுகிறது. விடைக்குறிப்பு ஏழு என்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க இயலாது. விடைக்குறிப்பு உரிய அதிகாரியால் ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது. படிகளுக்கு அவ்வாறான ஒப்புதல் எதுவும் பைலில் காணப்படவில்லை. எனவே பிழை விடைக்குறிப்பில் இல்லை, படிகளில் உள்ளது.'

டெம்பரரி மூன்றாம் மாடிக்கு ஏறினார். பொது மேலாளர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் நிற்கச் சொன்ன விதத்தில் ஒரு பாசம் இருந்தது.

"உன்னோட ஆட்சேபணையை நாங்க ரொம்ப மதிக்கிறோம். நீ சொன்னதாலதான் இவ்ளோ பெரிய தப்பு வெளிய வந்துச்சு. இதோ பாரு, விடையை மாத்தினா என்ன ஆகும்? நாலாயிரம் பேரோட தாளைத் திருப்பித் திருத்தணும். தலைவரோட நூலைத் திருப்பி அச்சடிக்கணும். இன்னும் ரெண்டு நல்ல குணத்துக்கு எங்க போறது? நம்ம வங்கியில இருக்கறதே ஏழுதான். ஆனா ரெண்டு படியை எடுத்துட்டா?" அவர் கையை விரித்தார். "படி கேஸ் போடுமா?"

"சார், அப்ப நான் எழுதினது சரியா தப்பா?"

பொது மேலாளர் நியாயமான மனிதர். யோசித்தார்.

"எழுதினப்ப சரியாத்தான் இருந்திருக்கும்ப்பா. இடிச்சப்புறம் தப்பாயிடும். உன்மேல குத்தம் சொல்ல முடியாது. பரீட்சையில உண்மையை எழுதறவங்களுக்கு எப்பவுமே இந்தச் சிக்கல் உண்டு."

எந்த இரண்டு படிகளை எடுப்பது என்பதில் ஒரு நாள் போயிற்று. நடுவில் எடுத்தால் ஓட்டை விழும். மேலே எடுத்தால் கதவு அந்தரத்தில் நிற்கும். கடைசியில் கீழிருக்கும் இரண்டும் தீர்மானமாயின. ஏழு குணங்களையும் மேலிருந்து எண்ணினால் அந்த இரண்டுக்கும் குணம் எதுவும் மிச்சமில்லை என்று பொது மேலாளர் குறிப்பெழுதினார். கடப்பாரை வந்தது. ஊர்ச் செருப்பின் மண்ணை வாங்கிய முதல் படியும், அதற்கு மேலிருந்ததும் இரண்டு நாளில் சரளையாயின. சரளையை அள்ளிப் போட்டது டெம்பரரி. கழற்றிய இரண்டு பித்தளைப் பட்டைகளைத் துணியில் சுற்றிக் கிடங்கில் ஒப்படைத்தார். ஓய்வுபெற்ற எழுத்தர் மேலிருந்த விசாரணை முடிந்தது. காணாமல் போன பட்டைகள் திரும்பக் கிடைத்ததற்காக அவருக்கு ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூலை உடைந்த மூன்றாம் படி இப்போது முதல் படி. அது தரையிலிருந்து தொடை உயரத்தில் நின்றது.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். இளவட்டங்கள் கையை ஊன்றித் தாவினார்கள். சேலை கட்டியவர்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, எழுந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு வந்த டீச்சரம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "வலியை ஏழாக் கொறைக்கச் சொன்னா, எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி முதல்லயே வெச்சுட்டாங்களே," என்று சொல்லித் திரும்பிப் போனார்.

முப்பதாம் தேதி திறப்பு விழா வைத்தார்கள். டெம்பரரிக்கு அது கடைசி நாள். காலையில் வழக்கம்போல் துடைத்தார். இரண்டு படி குறைந்ததால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் எட்டாம் படியை, அதாவது இப்போதைய ஆறாவதை, மூன்றாம் தடவையும் துடைத்தார்.

தலைவர் கோட்டு சூட்டில் வந்தார். அடித்தளத்திலிருந்து வாசலுக்கு நாற்பதடி, அதற்கும் கார். கீழே நின்று ஒலிபெருக்கியில் பேசினார்.

"ஒரு நிறுவனம் தன் தவறை ஒப்புக்கொள்வது அரிது. நாம் ஒப்புக்கொண்டோம். தவறு எங்கே இருந்தாலும் அதை இடிக்கத் தயங்கமாட்டோம் என்று காட்டியிருக்கிறோம். இந்தப் பதவிக்கு நான் எப்படி வந்தேன் என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் சில சமயம் அந்தச் சந்தேகம் வரும். அப்போதெல்லாம் இந்த ஏழு படிகளை நினைத்துக்கொள்வேன். இன்று முதன்முதலாக அவற்றில் ஏறப்போகிறேன்."

கைதட்டினார்கள். தலைவர் நாடாவை வெட்டினார். வலது காலைத் தூக்கினார். படி இன்னும் மேலே இருந்தது. இன்னும் தூக்கினார். சூட்டில் எங்கோ ஒரு தையல் தன் கருத்தைத் தெரிவித்தது. தலைவர் காலைக் கீழே வைத்துவிட்டு, இடது காலுக்கு வாய்ப்பளித்தார். கைதட்டல் நின்றது. பொது மேலாளர் குனிந்து தன் முதுகைக் காட்டலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

டெம்பரரிக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மோட்டார் அறைக்குப் போய், பல்பு மாற்ற ஏறி நிற்கும் மர ஸ்டூலைக் கொண்டுவந்து படிக்கு முன்னால் போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டார். தலைவர் ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து படியில் ஏறி, வளர்ச்சி முதல் நேர்மை வரை கடந்து மேலே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து பார்த்து, "பிரமாதமான ஏற்பாடு. அந்த ஸ்டூல் அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

பேராசிரியர் முன்னால் வந்தார். "மன்னிக்க வேண்டும். ஸ்டூல் அங்கேயே இருந்தால் எங்கள் வரையறைப்படி அது படியாகிவிடும். எட்டு ஆகும்."

"அப்ப எடுத்துடுங்க."

"எடுத்துட்டா நீங்க எப்படி சார் எறங்குவீங்க? படியைத் திறந்து வெச்சவரே லிஃப்ட்ல எறங்கினா நல்லாவா இருக்கும்?" என்றார் பொது மேலாளர்.

தலைவர் கீழே பார்த்தார். அவருடைய பணிக்காலத்தில் ஒரு பிரச்சினையை அவர் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது. பேராசிரியர் வழி கண்டுபிடித்தார். ஒரே இடத்தில் இருந்தால்தான் அது படி. ஆள் வரும்போது போட்டு, ஆள் போனதும் எடுத்துவிட்டால் அது படி அல்ல, சேவை. அதற்கு ஒரு ஆள் வேண்டும். நிரந்தர ஊழியரை வைத்தால் ஸ்டூலும் நிரந்தரம் என்று நாளைக்கு எவனாவது ஆட்சேபணை போடுவான். ஆகவே ஆளும் தற்காலிகமாக இருப்பதே பாதுகாப்பு.

"தற்காலிக முறையை இன்னியோட ஒழிச்சாச்சே சார்," என்றார் பொது மேலாளர்.

"இன்னியோடதானே?" என்றார் தலைவர். "நாளைக்கு ஒருத்தரைப் போடுங்க. ஒரு மூணு மாசத்துக்கு. இப்ப முதல்ல அந்த ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லுங்கப்பா, நான் எறங்கணும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, அறுபத்தொன்று எடுத்த இளைஞர் வேலையில் சேர வந்தார். மெலிந்த தேகம், கையில் சான்றிதழ் பை, முழங்கைக்கு மேல் வெட்டுப்பட்ட அதே சட்டை. வேறு நல்ல சட்டை இல்லை போலும். டெம்பரரி ஸ்டூலைப் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து ஏறு தம்பி."

இளைஞர் ஏறி, மேலே போய்த் திரும்பி, விரலை நீட்டி எண்ணினார். முகம் மலர்ந்தது.

"கைடுல ஏழுன்னு போட்டிருந்துச்சுண்ணே. ஊரைப் பாக்காமலே எழுதிட்டேன். நேத்து வரைக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஒதறல். பரவால்ல, சரியாத்தான் போட்டிருக்காங்க!"

"ஆமா தம்பி," என்றார் டெம்பரரி. "சரியாப் போடறதுக்குக் கொஞ்சம் நாளாச்சு."

அவர் பொறியாளர் என்று தெரிந்ததும் நான்காம் மாடியில் கணினிப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். துடைப்பம் இருந்த மூலையிலேயே இருந்தது. மத்தியானம் அக்கா வந்து, "ஸ்டூல் போடாத நேரத்துல கொஞ்சம் பெருக்கியும் விட்டுடுவியாம்ப்பா. மேல சொல்லச் சொன்னாங்க," என்று டெம்பரரியின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"வேலை இருக்கு."

"நிரந்தரமாவா?"

"மூணு மாசத்துக்கு."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அப்ப இன்னும் பதினெட்டு வருஷத்துக்குக் கவலை இல்ல. உள்ள வாங்க."

மகள் மூலையில் உட்கார்ந்து அப்பாவின் பழைய தேர்வுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். 'நமது வங்கியை அறிவோம்' பகுதியில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

"அப்பா, பின்னால நான் இந்தப் பரீட்சை எழுதறப்ப இதே கேள்வி வந்தா என்ன எழுதறது?"

டெம்பரரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஸ்டூலைப் பிடித்துப் பிடித்துச் சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"எழுதறப்ப ஏழுன்னு எழுதும்மா," என்றார். "ஏறறப்ப மட்டும் பாத்து ஏறு."